பதினேழாம் பக்கத்தில் இருந்த ஓட்டை

பெருமதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்களின் சமூகத்திற்கு,

முகம் தெரியாதவள் ஒருத்தி கைகூப்பி எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் வீட்டாரும் உங்கள் இதழை அச்சடிக்கிறவர்களும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் சுகமா இல்லையா என்பதே இப்போது எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அதை உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அவ்வளவுதானா என்று நினைக்க வேண்டாம். ஐந்து வகுப்பிலும் முதல் பெஞ்சு. வாசிப்புப் போட்டியில் வாங்கிய தகர டப்பா இன்னும் என்னிடம் இருக்கிறது, அதில்தான் மிளகு போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் கட்டிடத்தில் மூன்று மாடியிலும் யாருக்கு என்ன நோட்டீஸ் வந்தாலும் என் கண்ணில் பட்டுவிட்டுத்தான் அவர்கள் கைக்குப் போகும். என் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள், வாய் கொஞ்சம் நீளம். "பாட்டி, நீ சொல்லச் சொல்ல நான் போன்லயே அடிச்சு அனுப்பிடறேன், ரெண்டு நிமிஷம்" என்றாள். வேண்டாம் என்றேன். போனில் அடித்தால் எல்லா எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும், நான் எந்தெந்த இடத்தில் பேனாவை அழுத்தினேன் என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். அழுத்தியிருக்கும் இடங்களைத் தயவு செய்து கவனிக்கவும்.

விஷயம் உங்கள் இதழின் பதினேழாம் பக்கம். "சைவ உணவு: நன்மைகளும் தீமைகளும்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்களே, அதேதான். உங்கள் இதழ் எனக்குக் கீழ்த்தளத்துச் சலூன்காரர் வழியாக வருகிறது. முடி வெட்டக் காத்திருக்கிறவர்கள் புரட்டுவதற்காக அவர் எல்லா வார இதழும் போடுவார். புரட்டிப் புரட்டித் தாள் கழன்றுவிட்டால் தூக்கிப் போட மாட்டார், கழன்ற தாள்களையெல்லாம் ஒன்றாக அடுக்கி, ஒரு அட்டைக்குள் வைத்து, ஊசி நூலால் தைத்துவிடுவார். அவ்வளவு பொறுப்பான மனிதர். இதழில் நல்ல தலை ஏதாவது வந்திருந்தால் மட்டும் அதை வெட்டிக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிக்கொள்வார், வருகிறவர்கள் "எனக்கு இந்த மாதிரி" என்று விரலை நீட்டுவதற்கு. அதெல்லாம் முடிந்த பிறகு மாடிக்கு அனுப்புவார். அப்படி வந்த உங்கள் இதழில் பதினேழாம் பக்கத்துக்குப் பின்னால் யாரோ ஒரு ஆண்பிள்ளை நன்றாக முடி வெட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அவர் உச்சந்தலையிலிருந்து தாடை வரைக்கும் சலூன்காரர் எடுத்துவிட்டார். ஆகவே இந்தப் பக்கம் உங்கள் கட்டுரைக்கு நடுவில் ஒரு தலை அளவுக்கு ஓட்டை, காது இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. வாசிக்கத் தெரிந்தவளுக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தாண்டவும் தெரியும்.

எதற்காகத் தாண்டினேன் என்றால், என் மகனுக்காக. அவன் பஸ் ஓட்டுகிறான். இருபத்தாறு வருடம், ஒரே தடம், ஒருவரையும் உரசியதில்லை. வருடா வருடம் அவர்கள் அலுவலகத்தில் உடம்பைச் சோதித்து, ஓட்டலாம் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். இந்த வருடம் தாள் கொடுக்கவில்லை. இரத்த அழுத்தம் அதிகம், கெட்ட கொழுப்பு அதிகம், இரண்டு மாதத்தில் மறுபடி வா, அப்போதும் இப்படியே இருந்தால் வண்டியிலிருந்து இறக்கிப் பணிமனை வாசலில் உட்கார வைத்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதச் சொல்லிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். இது சின்ன விஷயமாக உங்களுக்குத் தோன்றினால், இவன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் ஓட்டுநர்தான். ஐம்பத்து மூன்றாவது வயதில் கண் மங்கல் என்று இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாராவது அறைக்குள் வேகமாக வந்தால் வலது காலால் தரையை ஒரு அழுத்து அழுத்துவார். பிரேக். அந்த இடத்தில் மட்டும் எங்கள் வீட்டுத் தரை தேய்ந்து பளபளவென்று இருக்கும், நாற்காலியை இப்போது வேறு பக்கம் போட்டிருக்கிறேன். மகனுக்கு இப்போது ஐம்பத்தொன்று. அவன் காலும் அந்த இடத்துக்கு வருவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

எங்கள் தெருமுனை டாக்டரம்மா, "கறியையும் மீனையும் கொஞ்ச நாள் விட்டுட்டு காய்கறிப் பக்கம் போங்க" என்றார். நியாயமாக இதை நான் கேட்க வேண்டிய ஆள் வீட்டிலேயே இருக்கிறாள் என்று உங்களுக்குத் தோன்றும். உண்மைதான். என் மருமகள் பிறந்ததிலிருந்து சைவம். முட்டை கிடையாது, பால்கூட அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, இருபத்து நாலு வருடமாக, மூன்று அடுப்பில் கடைசி அடுப்பில் ஒரு சின்னச் சட்டியை வைத்து அவளுக்கு மட்டும் ஏதோ பச்சையாகக் கிளறிக்கொள்வாள். நான் அந்தச் சட்டிக்குள் எட்டிப் பார்த்ததில்லை. "ஆட்டுக்கு வெக்கறது ஆச்சா" என்று சில தடவை கேட்டிருக்கிறேன், அவள் காதில் விழும்படியாகவே கேட்டேன். இருபத்து நாலு வருடம் அப்படிக் கேட்டுவிட்டு, இப்போது அவள் பக்கத்தில் போய் நின்று, ஏம்மா அது எப்படிச் செய்யறது என்று நான் கேட்பதா. அதைவிட முன்பின் தெரியாத உங்களிடம் கற்றுக்கொள்வது கௌரவம் என்று பட்டது. அதனால்தான் பதினேழாம் பக்கம்.

மகன், மருமகள், பேத்தி மூன்று பேரையும் உட்கார வைத்து உரக்க வாசித்தேன். இதயத்துக்கு நல்லது, இரத்த அழுத்தம் குறைய உதவும், உடல் எடை கட்டுக்குள் இருக்கும் என்பதெல்லாம் நெற்றிக்கு மேலே இருந்தபடியால் முழுதாகக் கிடைத்தது. அதற்குக் கீழே, "எண்ணெயில் பொரித்தவற்றையும் இனிப்பு வகைகளையும்" என்று இந்தக் கரையில் இருந்தது, அந்தக் கரையில் "தாராளமாகச் சாப்பிடலாம்" என்று இருந்தது. அடுத்தது, "பயறு, பருப்பு வகைகளை" என்று ஆரம்பித்து ஓட்டைக்கு அப்பால் "ஒவ்வொரு வேளையும் சேர்க்க வேண்டும்" என்று முடிந்தது. தீமைகளில் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருந்தது. "நீண்ட காலம் சைவம் மட்டுமே உண்பவர்களுக்கு", அப்புறம் ஓட்டை, அப்புறம் "எனவே கவலை வேண்டாம்." எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. பேத்திதான் குறுக்கே வந்தாள்.

"பாட்டி, அந்த ஓட்டையில என்ன எழுதியிருந்துதோ?"

"அதுல ஒரு ஆளோட தலை இருந்துச்சு. தலையில என்னடி எழுதியிருக்கும்?"

"அப்பாவோட தலையெழுத்து" என்றாள். மகன் சிரித்தான், மருமகள் சிரிக்கவில்லை. அவள் என்னவோ சொல்ல வாயெடுத்து, "அத்தை, எண்ணெய் மட்டும் கொஞ்சம்" என்றாள். நான் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தேன். மிச்சத்தை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதுவும் ஒரு ஓட்டையாகப் போய்விட்டது என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைக்கே மீன் சட்டியைக் கழுவிக் காகிதத்தில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டேன். மறுநாளிலிருந்து சைவம். உருளைக்கிழங்கைப் பொரித்தேன், கத்தரிக்காயைப் பொரித்தேன், வெங்காயத்தை மாவில் தோய்த்துப் பொரித்தேன், காலிஃப்ளவரைப் பொரித்த எண்ணெய் மிஞ்சியதால் அதில் ரொட்டியையும் பொரித்தேன். பொரிக்காத நேரத்தில் பாலும் சர்க்கரையும் நெய்யும் போட்டுக் கிளறினேன். மகனுக்கு அவ்வளவு சந்தோஷம். "அம்மா, சைவம் இவ்ளோ நல்லா இருக்கும்னு இத்தனை நாளா ஏன் யாரும் சொல்லல" என்று மனைவியின் முகத்தைப் பார்த்தே கேட்டான். அவள் தன் சின்னச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் அவன் சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்தது. ஒன்று பஸ்ஸின் மீட்டர் கண்ணாடியில் பட்டதாம். எடை கட்டுக்குள் இருக்கும் என்று நீங்கள் எழுதியிருந்தது எந்தக் கட்டு என்று எனக்கு அப்போதே ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. ஆனால் அச்சில் வந்ததைச் சந்தேகப்படுவது எனக்குப் பழக்கமில்லை.

மூன்று வாரம் முடிந்து டாக்டரம்மாவிடம் இரத்தம் கொடுத்துப் பார்த்தால் கொழுப்பு குறையவில்லை, ஏறியிருந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கறி மீன் நிறுத்தலையா?"

"ஒரு துண்டு தொடலைங்க. முழுக்க முழுக்கக் காய்கறி."

"காய்கறியை என்ன பண்ணினீங்க?"

சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது, பெருமையாகவே சொன்னேன், பத்திரிகையில் போட்டிருந்தது என்றும் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "பாட்டிம்மா, உருளைக்கிழங்கு மேல தப்பு இல்ல. அதை நீங்க குளிப்பாட்டின எண்ணெய் மேலதான் தப்பு. எண்ணெய், சர்க்கரை, நெய் எல்லாம் கூடத்தான் சைவம். அதைத் தின்னா உடம்பு தேறாது. பயறு, பருப்பு, கீரை, பழம், முழு தானியம், இதெல்லாம் போடுங்க. நார்ச்சத்து உள்ளே போகணும், உப்பைக் குறைக்கணும், தினம் நடக்கணும்" என்றார். நான் தலையை ஆட்டினேனே தவிர எனக்குக் குழப்பம். நீங்கள் தாராளமாக என்கிறீர்கள், அவர் கூடாது என்கிறார். அவர் படித்தவர், நீங்கள் அச்சில் இருக்கிறவர். வீட்டுக்கு வந்து பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பயறு, பருப்பு விஷயத்தில் மட்டும் நீங்கள் இருவரும் ஒன்றாகச் சொல்லியிருந்தீர்கள். ஆகவே அதைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை அளவு என்பது ஓட்டைக்குள் போயிருந்தது. அளவு தெரியாத இடத்தில் குறைத்துப் போடுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

ஆகவே வேளைக்கு ஒரு பெரிய கிண்ணம் பயறு. அவனுக்கு அவசரம், எனக்கும் அவசரம், ஊற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, நேரே பாத்திரத்தில் போட்டு, பல்லுக்குச் சத்தம் வரும் பதத்தில் இறக்கிவிடுவேன். மென்று தின்றால் தாடைக்கும் பயிற்சி என்று நானாகவே ஒரு நன்மையைச் சேர்த்துக்கொண்டேன். நாலாம் நாள் அவன் வண்டி நடத்துனர் வீட்டுக்கு வந்தார். அவரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள், வீட்டு அழைப்பு மணியை அழுத்தாமல் வாசலில் நின்று விசில்தான் ஊதுவார். அன்றைக்கு மணியை அழுத்தினார். அதிலேயே விஷயம் பெரிது என்று தெரிந்தது.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. அண்ணனுக்கு நீங்க என்ன போடறீங்க?"

"பயறு."

"அது தெரிஞ்சுபோச்சும்மா. எவ்ளோ போடறீங்கன்னு கேட்கறேன்."

கிண்ணத்தைக் காட்டினேன். அவர் அதை இரண்டு கையாலும் எடுத்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். "நாலு நாளா முன் சீட்டு ரெண்டு வரிசையும் காலியா ஓடுதும்மா. பின்னாடி படிக்கட்டு வரைக்கும் கூட்டம், முன்னாடி ஒரு ஆள் இல்ல. எஞ்சின்ல ஏதோ கருகுதுன்னு சொல்லி ஒரு நாள் சமாளிச்சேன். மெக்கானிக் வந்து மோந்து பார்த்துட்டு, இது எஞ்சின் இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டார்" என்றார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது, பயறைப் பாதியாகக் குறைத்தேன். குறைத்த பாதிக்குப் பதிலாகக் கீரையை ஏற்றினேன், நார்ச்சத்து உள்ளே போக வேண்டுமே என்று. போன நார்ச்சத்து உள்ளே இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை எட்டரை மணிக்கு, நாற்பத்து மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போகிறவன், நிறுத்தமே இல்லாத இடத்தில், ஒரு மரச்சாமான் கடை வாசலில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கடைக்குள் ஓடியிருக்கிறான். கடைக்காரர் கழிப்பறையைக் காட்டிவிட்டார், நல்ல மனிதர். பத்து நிமிடம் ஆகிவிட்டது. பயணிகள் எவ்வளவு நேரம்தான் வெயிலில் இருப்பார்கள், ஒவ்வொருவராக இறங்கிக் கடைக்குள் போய்ச் சோபாவில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு பெரியவர் கட்டிலில் படுத்தே பார்த்துவிட்டாராம். இவன் வெளியே வந்து, கூட்டம் முழுவதும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து தன்னையே பார்ப்பதைக் கண்டு, வணக்கம் சொல்லியிருக்கிறான். கடைக்காரர் வாசல் வரை வந்து, "நாளைக்கும் இதே நேரம்தானே" என்று கேட்டாராம்.

பணிமனையில் விளக்கம் கேட்டு ஒரு தாள் கொடுத்துவிட்டார்கள். தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் என் மகன் பொய் சொல்லத் தெரியாமல் "கீரை" என்று எழுதிக் கொடுத்தான். மேலதிகாரி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் மருத்துவத் தாளுக்கெல்லாம் காத்திருக்க மாட்டேன், அன்றைக்கே இறக்கிவிடுவேன் என்றாராம். இப்போது நீங்களே சொல்லுங்கள், வயிறு சுலபமாக வேலை செய்வது நன்மையா தீமையா. உட்கார்ந்த இடத்தில் பத்திரிகை நடத்துகிறவருக்கு அது நன்மையாக இருக்கலாம். நாற்பத்து மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு எந்தக் கட்டத்தில் போடுவது. இதை நீங்கள் தொழில்வாரியாகப் பிரித்து எழுதியிருக்க வேண்டும்.

மறுபடி டாக்டரம்மா. இந்தத் தடவை மகன், "நீயும் வா" என்று மனைவியையும் அழைத்துக்கொண்டான். டாக்டரம்மா முதல் மாடியில் இருக்கிறார். நாங்கள் ஏறினோம், மருமகள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அது புதிதல்ல. சாமான் பையோடு வந்தால் எங்கள் வீட்டுப் படியிலும் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நிமிடம் உட்கார்ந்துதான் வருவாள். சொகுசு என்று நினைத்திருந்தேன். எழுபத்து நாலு வயதில் நான் ஒரே மூச்சில் ஏறுகிறேன், இவளுக்கு என்ன என்று வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன். டாக்டரம்மா கதவருகில் நின்றவர் அவளைப் பார்த்துவிட்டு, என் மகனை விட்டுவிட்டு, அவளை உட்கார வைத்து, கால் மரத்துப் போகுதா, ஊசி குத்தற மாதிரி இருக்கா, எதை எங்கே வெச்சோம்னு மறந்து போகுதா என்று வரிசையாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும், "ஆமா டாக்டர், ரெண்டு வருஷமா" என்றாள். இரண்டு வருடமாக. என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரத்தம் எடுத்தார்கள். மறுநாள் தாள் வந்தது. மருமகளுக்குக் கொழுப்பு சரி, இரத்த அழுத்தம் சரி, சர்க்கரை சரி. இதயம் என் இதயத்தைவிட நன்றாக ஓடுகிறதாம். ஆனால் பி-12 என்று ஒரு சத்து இருக்கிறதே, அது அடியில் கிடக்கிறது.

"கறி, மீன், முட்டை, பால் இதுலதான் பி-12 கிடைக்கும். இவங்க நாலும் தொடறதில்ல. அதான் சோர்வு" என்றார் டாக்டரம்மா.

எனக்கு எல்லாம் தலைகீழாகப் போயிற்று. "இருங்க டாக்டரம்மா. அவன் கறி தின்னான், அதனால அவனுக்கு நோவு. இவ கறி தின்னல, அதனால இவளுக்கு நோவு. அப்போ அவனுக்குக் கீரையும் இவளுக்கு ஆட்டுக்கறியுமா?"

"ரெண்டு பேருக்கும் கீரைதான் பாட்டிம்மா. இவங்களுக்கு முதல்ல ஊசி, அப்புறம் மாத்திரை. ஒரு மாத்திரைல முடியற விஷயத்துக்கு ஆட்டை ஏன் இழுக்கறீங்க?"

"அப்போ சைவம் நல்லதா கெட்டதா?"

"நல்லது. பார்த்துச் சாப்பிட்டா."

"பார்த்துச் சாப்பிட்டா கறியும் நல்லதுதானே."

"அளவா சாப்பிட்டா அதுலயும் சத்து இருக்கு."

"அப்போ ரெண்டும் ஒண்ணுதானா?"

"அப்படி நான் சொல்லலையே" என்றார். வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். அதனால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே குழாய்த் தண்ணீர். தின்றவனுக்கு ஒரு மருந்துச் சீட்டு, தின்னாதவளுக்கு ஒரு மருந்துச் சீட்டு.

வீடு வந்ததும் நான் சமையலறைக்குப் போனேன். மருமகளும் வந்தாள். ஐந்து வாரத்துக்கென்று வாங்கிய பயறு என்னிடம் மிச்சமிருந்தது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளிடம் கேட்கவும் வாய் வரவில்லை. கடைசி அடுப்பில் இருந்த அவளுடைய சின்னச் சட்டியைத் தூக்கி நடு அடுப்பில், பெரிய தீயில் வைத்துவிட்டு நான் நகர்ந்து நின்றேன். அவ்வளவுதான் செய்தேன். அவள் சட்டியைப் பார்த்தாள். "அத்தை, இது நாலு பேருக்குப் பத்தாது" என்றாள். "பெருசு எடுத்துக்கோ" என்றேன். அன்றிலிருந்து நாலு வாரம் அவள் சமையல்தான். பயறை முதல் நாள் மாலையே ஊறப் போட்டுவிடுகிறாள், காலையில் விரலால் நசுக்கினால் நசுங்குகிறது. உப்பு குறைவாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏதோ ஒரு புளிப்பை விட்டு அது தெரியாதபடி செய்துவிடுகிறாள். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், எனக்கு என்ன புளிப்பு என்று இன்னும் பிடிபடவில்லை. மகன் பணிமனைக்கு நடந்தே போய் நடந்தே வந்தான். விசில் பழையபடி வாசலில் நின்று விசில் ஊதினார். முன் சீட்டில் ஆள் உட்காருகிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

இரண்டு மாதத் தவணை முடிந்து, போன செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் மறு சோதனை. நானும் போனேன். நடைக்கூடத்தில் நீளமான பெஞ்சில் மகன் எனக்கும் மருமகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். ஒருவன் கோப்போடு வேகமாக எங்களைத் தாண்டிப் போனான். என் மகனுடைய வலது கால் தரையை அழுத்தியது. நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை மருமகள் பார்த்துவிட்டாள். அவள் தன் கைப்பையை எடுத்து அவன் காலுக்கு முன்னால் தரையில் வைத்தாள், அவன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அரை மணி நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது கையில் தாள் இருந்தது. இரத்த அழுத்தம் எல்லைக்குள். கொழுப்பு முழுதாக இறங்கவில்லை, ஆனால் இறங்கும் வழியில் இருக்கிறது. ஒரு வருடம் ஓட்டலாம். நான் அந்தத் தாளை அங்கேயே உரக்க வாசித்தேன், பெஞ்சில் இருந்த மற்றவர்களும் கேட்டார்கள்.

இப்போது என் குழப்பத்துக்கு வருகிறேன். பணிமனையில் இப்போது ஏழு ஓட்டுநர்கள் சைவத்துக்கு மாறிவிட்டார்களாம். அவர்களுடைய வீட்டுப் பெண்கள் என்னிடம் வந்து, எதனால் குறைந்தது என்று கேட்கிறார்கள். கீரையால் குறைந்ததா, பயறாலா, நடந்ததாலா, உப்பில்லாததாலா, பயத்தாலா, அல்லது என் சமையலை நிறுத்தியதாலேயே குறைந்ததா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் எழுதியபடி செய்தபோது ஏறியது, நீங்கள் எழுதாததை மருமகள் செய்தபோது இறங்கியது. ஆகவே தாங்கள் தயவு கூர்ந்து சைவ உணவு நல்லதா கெட்டதா என்று ஒரே வரியில், ஆம் அல்லது இல்லை என்று, அடுத்த இதழில் பதில் போட வேண்டும். "தாராளமாகச் சாப்பிடலாம்" என்று எழுதியதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும். முக்கியமாக, பதில் போடும் பக்கத்துக்குப் பின்னால் யார் தலையையும் போடக் கூடாது.

உங்கள் இதழ் இன்னும் பல தலைமுறை வர வேண்டும். உங்களுக்கு நல்ல பசியும், தின்றது செரிக்கும் வயிறும், படியேறினால் மூச்சு வாங்காத காலும், பார்த்துப் போட ஒரு ஆளும் என்றைக்கும் இருக்கட்டும் என்று வயதில் மூத்தவள் வாழ்த்தி நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
பஸ் ஓட்டுநரின் தாய்,
மூன்றாம் மாடி, சலூனுக்கு மேலே.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துத் தபாலில் சேர்க்க மருமகளிடம் கொடுத்தேன். அவள் நின்றபடியே முழுதையும் படித்தாள். ஓட்டை பற்றிய இடம் வந்ததும் கீழே இறங்கிப் போய்ச் சலூன் கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்றை ஈரத்துணியால் நனைத்து உரித்துக் கொண்டுவந்தாள். பதினேழாம் பக்கத்தில் வைத்தோம், காதோடு சரியாகப் பொருந்திவிட்டது. எண்ணெயில் பொரித்தவற்றையும் இனிப்பு வகைகளையும் "தவிர்த்து, காய்கறி, கீரை, பழங்களைத்" தாராளமாகச் சாப்பிடலாம். பயறு, பருப்பு வகைகளை "முதல் நாளே ஊற வைத்து, நன்றாக வேக வைத்து, சிறிய அளவில் தொடங்கி" ஒவ்வொரு வேளையும் சேர்க்க வேண்டும். நீண்ட காலம் சைவம் மட்டுமே உண்பவர்களுக்கு "பி-12 குறைந்து சோர்வும் கால் மரத்தலும் வரலாம். சோதித்து மாத்திரை எடுத்தால் சரியாகிவிடும்," எனவே கவலை வேண்டாம். எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. இதைவிட ஒரு சங்கடம், அந்தத் தலையின் தாடைக்குக் கீழே சின்ன எழுத்தில் இதழின் பெயர் இருந்தது. அது உங்கள் பெயர் இல்லை. சலூன்காரர் வேறு ஒரு இதழின் தாளை உங்கள் அட்டைக்குள் வைத்துத் தைத்திருக்கிறார். ஆகவே மேலே எழுதிய எதற்கும் நீங்கள் பொறுப்பில்லை. வருத்தம் தெரிவிக்க வேண்டாம். எட்டுப் பக்கம் கையால் எழுதியதைக் கிழிக்க மனம் வராததால் மட்டும் அனுப்புகிறேன்.

மருமகள் உறையை ஒட்டும்போது, "அத்தை, என்னைச் சொகுசுக்காரின்னு நினைச்சீங்களா?" என்று கேட்டாள். நினைத்தேன் என்றேன். "இப்போ?" என்றாள். இப்போது பி-12 என்றேன். சிரித்துவிட்டாள். அந்தப் புளிப்பு என்ன என்றும் கேட்டுவிட்டேன், எலுமிச்சம்பழமாம், இறக்கி வைத்த பிறகு பிழிய வேண்டுமாம். ஒரே வரியில் பதில் கேட்டிருந்தேன் அல்லவா, அதுவும் வேண்டாம். இனிமேல் சந்தேகம் வந்தால் கேட்க வீட்டிலேயே ஆள் இருக்கிறது.